எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் படமெடுக்க எங்கே, எப்போது நிற்பது?

நவம்பர் கடைசி வாரத்தில் நான்கு நாள் நியூயார்க் போகிறீர்கள். கையில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமரா, 24 முதல் 105 மி.மீ. வரை மாற்றக்கூடிய லென்ஸ், சின்ன டிரைபாட். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை உருப்படியாகப் படமெடுக்க வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா, 86ஆவது மாடிக்கு டிக்கெட் எடுக்கலாமா, டிரைபாடைத் தடுப்பார்களா, எடுத்த படத்தை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்த நான்கையும்விட முக்கியமான ஒன்றைக் கடைசி வரியில் "எல்லோரும் எடுக்கும் படமாக இருக்கக் கூடாது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு லென்ஸ் உதவாது. எந்தத் திசையில், எவ்வளவு தள்ளி, எந்த மணிக்கு நிற்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லென்ஸ் எதுவும் வாங்க வேண்டாம், இருப்பது போதும்.

கட்டடங்களைப் படமெடுத்துக் கட்டடக் கலைஞர்களுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் கொடுப்பது என் தொழில். வீடு ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே, நியூ ஜெர்சியில். அதனால் இந்தக் கட்டடம் தினமும் கண்ணில் படுகிறது. கீழே தொலைவு, கோணம், சூரியன் பற்றிச் சொல்வதெல்லாம் கணக்கு, அதில் சந்தேகம் வேண்டாம். வானிலை, அனுமதி விதிகள், டிக்கெட் நேரம் பற்றிச் சொல்வதைப் புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவை மாறுகிறவை.

முதலில் அந்த 86ஆவது மாடி. போங்கள், திறந்தவெளி மாடம், 320 மீட்டர் உயரம், காற்று முகத்தில் அறையும், நன்றாக இருக்கும். ஆனால் அங்கிருந்து எடுக்கும் படத்தில் மொத்த மன்ஹாட்டனும் இருக்கும், எம்பயர் ஸ்டேட் மட்டும் இருக்காது. முதல்முறை வருகிறவர்கள் பலர் நல்ல வெளிச்சமுள்ள ஒரே மாலையை இந்த வரிசையில் நின்று செலவழித்துவிட்டு, ஊருக்குப் போய்ப் பார்த்தால் கட்டடத்தின் படம் ஒன்றுகூட இல்லை என்று வருந்துவார்கள். மேலே ஏற வேண்டுமானால் நடுப்பகலிலோ, இரவு வெகுநேரம் கழித்தோ ஏறுங்கள். அந்தி நேரத்தை வெளியே நிற்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தொலைவு. கூரை வரை 381 மீட்டர், ஆன்டெனா நுனி வரை 443 மீட்டர், 102 மாடி. ஐந்தாம் அவென்யூவில் 33, 34ஆவது தெருக்களுக்கு நடுவே, அவென்யூவின் மேற்குப் பக்கத்தில் நிற்கிறது. இதன் காலடியில் போய் அண்ணாந்து எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அது வேலைக்கு ஆகாததற்குக் கட்டடத்தின் உருவமே காரணம். 1916இல் நியூயார்க் ஒரு மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. தெருவுக்கு வெயிலும் காற்றும் கிடைக்க வேண்டும், ஆகவே உயரமான கட்டடங்கள் மேலே போகப் போகப் பின்வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஷ்ரீவ், லாம்ப் அண்ட் ஹார்மன் நிறுவனத்தின் வில்லியம் லாம்ப் அதற்கேற்ப, தெருவோரம் ஐந்து மாடி மட்டும் எழுப்பி, அதற்கு மேல் கோபுரத்தை ஐந்தாம் அவென்யூவிலிருந்து சுமார் 60 அடி உள்ளே தள்ளி வைத்தார். அதனால் வாசலில் நின்றால் உங்களுக்குத் தெரிவது அந்த ஐந்து மாடி அடித்தளம்தான். உச்சி ஒளிந்துகொள்ளும். எத்தனை அகலமான லென்ஸ் போட்டாலும் மறைந்திருப்பதைக் கொண்டுவர முடியாது.

எவ்வளவு தள்ளி நிற்பது என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி, லென்ஸை அதன் மிக அகலமான 24 மி.மீ.யில் வைத்து, தரைக்கு இணையாகக் கொஞ்சமும் சாய்க்காமல் பிடித்தால், நீங்கள் நிற்கும் தொலைவில் முக்கால் பங்கு உயரம் வரை படத்துக்குள் வரும். 443 மீட்டர் வர வேண்டுமென்றால் சுமார் 590 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மன்ஹாட்டனில் வடக்கு தெற்காக 20 தெரு சேர்ந்தால் ஒரு மைல், அதாவது தெருவுக்கு 80 மீட்டர். ஆக ஏழெட்டுத் தெரு தள்ளி நின்றால் போதும், கோடுகள் சரியாமல் முழுக் கட்டடமும் வந்துவிடும். மொபைலின் முதன்மை லென்ஸும் ஏறக்குறைய இதே அகலம்தான், அதே கணக்கு அதற்கும் பொருந்தும். கீழ்ப்பாதி முழுக்கச் சாலை வருமே என்று கேட்பீர்கள். வரும். அதை வெட்டிவிடலாம், இல்லையென்றால் மஞ்சள் டாக்ஸியையும் நடந்து போகிறவர்களையும் வைத்து அந்த இடத்தை நிரப்பலாம். சாய்த்து எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்துவதும் ஒரு வழிதான். ஆனால் அதிகம் சாய்த்த படத்தை நிமிர்த்தும்போது உச்சி இழுபட்டு, கட்டடம் இருப்பதைவிட ஒல்லியாகவும் உயரமாகவும் தெரியத் தொடங்கும். ஓரளவு சாய்வு இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மனிதக் கண்ணும் அண்ணாந்துதான் பார்க்கிறது.

அடுத்தது வெளிச்சம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மன்ஹாட்டனின் தெருக்கட்டம் உண்மையான வடக்கிலிருந்து 29 டிகிரி கிழக்கே திரும்பியிருக்கிறது. ஊரில் எல்லோரும் "அப்டவுன்" என்று வடக்காகச் சொல்வது உண்மையில் வடகிழக்கு. அதனால் ஐந்தாம் அவென்யூவைப் பார்த்த முகம் கிழக்கை அல்ல, தென்கிழக்கைப் பார்க்கிறது. 33ஆவது தெரு முகம் தென்மேற்குச் சாயலில் இருக்கிறது, 34ஆவது தெரு முகம் வடகிழக்குச் சாயலில். மே கடைசியிலும் ஜூலை நடுவிலும் சூரியன் சரியாகக் குறுக்குத் தெருக்களின் முனையில் மறையும் மன்ஹாட்டன்ஹெஞ்ச் என்ற காட்சிக்கும் இந்த 29 டிகிரிதான் காரணம். அந்த நாட்களில் 34ஆவது தெருவில் கேமராவோடு நிற்கும் கூட்டத்தில் சாலையைக் கடக்கவே முடியாது. உங்கள் பயணத்துக்கு அது இல்லை. ஆனால் உங்களுக்கு வேறொரு அதிர்ஷ்டம் இருக்கிறது.

நவம்பர் கடைசியில் சூரியன் காலை ஏழு மணியை ஒட்டி, தென்கிழக்கில், ஐந்தாம் அவென்யூ முகத்துக்கு ஏறக்குறைய நேர் எதிரே உதிக்கிறது. கட்டடத்தின் மேற்பூச்சு இந்தியானா சுண்ணாம்புக்கல். பகலில் அது வெளுத்த சாம்பல் நிறம், படத்தில் ஒன்றுமில்லாதது போல் தெரியும். முதல் அரைமணி வெயிலில் அதே கல் ஆரஞ்சாகப் பற்றிக்கொள்ளும். சன்னல்களுக்கு இடையே மேல்நோக்கி ஓடும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகள் தனியாக மின்னும். இதைப் பார்க்க நீங்கள் கட்டடத்துக்குக் கிழக்கே, ஈஸ்ட் ரிவரின் மறுகரையில் இருக்க வேண்டும். இரண்டு இடங்கள் சொல்கிறேன். ஒன்று, குவீன்ஸில் லாங் ஐலண்ட் சிட்டியில் உள்ள கேன்ட்ரி பிளாசா ஸ்டேட் பார்க். 7ஆம் எண் ரயிலில் வெர்னன் பூல்வார்டு நிறுத்தத்தில் இறங்கி ஆற்றை நோக்கி நடந்தால் வந்துவிடும். எம்பயர் ஸ்டேட் இங்கிருந்து சுமார் 2.3 கிலோமீட்டர். மற்றொன்று புரூக்ளினில் கிரீன்பாயின்ட் பகுதியில் உள்ள டிரான்ஸ்மிட்டர் பார்க். அதற்குப் பக்கத்திலேயே படகுத்துறை. அந்தத் துறை இருக்கும் தெருவின் பெயர் இந்தியா ஸ்ட்ரீட், நம்மூர்க்காரர்கள் பெயர்ப்பலகையோடு ஒரு செல்ஃபி எடுக்காமல் போவதில்லை. என் விருப்பம் டிரான்ஸ்மிட்டர் பார்க்தான். கேன்ட்ரி பக்கம் முன்னால் ஐ.நா. கட்டடமும் மற்றவையும் நெருக்கும். கிரீன்பாயின்ட்டிலிருந்து எம்பயர் ஸ்டேட்டுக்கு இருபுறமும் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது, தென்கிழக்கு முகமும் தென்மேற்கு முகமும் சேர்ந்து தெரிவதால் கட்டடத்துக்குப் பருமன் வருகிறது. 70 முதல் 105 மி.மீ. வரை வைத்துப் பாருங்கள். விடிவதற்கு அரைமணி முன்பே போய்விட வேண்டும்.

தெற்கிலிருந்து எடுப்பது பற்றி. இணையத்தில் எந்தப் பழைய வழிகாட்டியைத் திறந்தாலும், ஐந்தாம் அவென்யூவும் 23ஆவது தெருவும் சேரும் இடத்தில், மாடிசன் ஸ்கொயர் பார்க் ஓரம் நின்று வடக்கே பாருங்கள் என்று எழுதியிருக்கும். பத்துத் தெரு தள்ளி, மேலே சொன்ன கணக்குக்குப் பொருத்தமான இடம், பல பத்தாண்டுகளாகப் புகழ்பெற்ற காட்சி. இப்போது 29ஆவது தெருவை ஒட்டி, ஐந்தாம் அவென்யூ 262ஆம் எண்ணில், 860 அடி உயரத்துக்கு ஒரு மெலிந்த குடியிருப்புக் கோபுரம் எழுந்துவிட்டது. அதுவும் எம்பயர் ஸ்டேட் இருக்கும் அதே மேற்குப் பக்கத்தில். பழைய படங்களைப் பார்த்துவிட்டு அங்கே போனால் ஏமாற்றம்தான். கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, 1981இல் நகரமும் 1986இல் நாடும் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தன. அதைப் பார்க்கும் காட்சிக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் கிடையாது. எனக்கு இதில் கோபம் உண்டு, ஆனால் 1931இல் எம்பயர் ஸ்டேட்டும் யாரோ ஒருவரின் காட்சியை மறைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கும்.

தெற்கில் இன்னும் உருப்படியாக இருக்கும் இடம் புரூக்ளினின் டம்போ. வாஷிங்டன் ஸ்ட்ரீட்டின் கல் பாவிய சாலையில் நின்றால் இருபுறமும் செங்கல் கட்டடங்கள், நடுவே மன்ஹாட்டன் பாலத்தின் எஃகுக் கோபுரம், அதன் கால்களுக்கு இடையே தூரத்தில் எம்பயர் ஸ்டேட். ஆயிரக்கணக்கானோர் எடுத்த படம்தான். ஆனால் அதில் பாதிப்பேர் மொபைலின் அகல லென்ஸில் எடுத்திருப்பார்கள், கட்டடம் தீக்குச்சி அளவில்தான் இருக்கும். அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவு, அதனால் அப்படித்தான் வரும். பாலத்திலிருந்து விலகித் தெருவில் பின்னால் வந்து, 105 மி.மீ.யில் எடுங்கள். நீங்கள் பின்னால் போகப் போகப் பாலம் சிறுக்கும், ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கட்டடம் சிறுக்காது. இரண்டுக்கும் உள்ள விகிதத்தை உங்கள் கால்தான் தீர்மானிக்கிறது. இடம் வலமாக ஓரடி நகர்ந்தாலும் கட்டடம் பாலத்தின் காலுக்குப் பின்னால் போய்விடும், பொறுமையாக நகருங்கள். நவம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் சுமார் 28 டிகிரி உயரத்தில்தான், முழுக்கத் தெற்கில் இருக்கிறது. ஆகவே டம்போவுக்கு நவம்பரில் பகல் முழுவதும் நல்ல வெளிச்சம், அதிகாலைக்கு ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. கூட்டம் பிடிக்காது என்றால் மட்டும் சீக்கிரம் போங்கள். நடுச்சாலையில் நிற்க வேண்டியிருக்கும், அங்கே வண்டிகளும் வரும்.

வடக்கிலிருந்து எடுப்பதற்கு ராக்கஃபெல்லர் சென்டரின் டாப் ஆஃப் த ராக் என்ற பார்வை மாடம். 70ஆவது மாடி, 260 மீட்டர் உயரம், எம்பயர் ஸ்டேட் சுமார் 1.3 கிலோமீட்டரில் நேர் எதிரே. உயரம் சரியாக இருப்பதால் கேமராவைச் சாய்க்கவே வேண்டாம். ஆனால் உங்கள் தேதியில் ஒரு சிக்கல். அங்கிருந்து தெரிவது வடகிழக்கு முகம். நவம்பர் கடைசியில் அந்த முகத்தில் விடியலிலிருந்து அந்தி வரை வெயில் விழுவதே இல்லை. பகல் 11 மணி டிக்கெட் எடுத்துப் போனால் பளிச்சென்ற வானத்துக்கு முன்னால் கருத்த கட்டடம் ஒன்று கிடைக்கும். கோடைக் காலையில் அதே முகம் வெயிலில் குளிக்கும், அதனால்தான் ஜூன் மாதம் போய் வந்தவர் சொல்லும் அறிவுரை உங்களுக்கு உதவாது. நீங்கள் அங்கே போக வேண்டியது சூரிய மறைவுக்குத்தான். அப்போது சூரியன் கட்டடத்துக்கு வலப்பக்கம், தென்மேற்கில் இறங்கும். வானம் நிறம் மாறும், முன்னால் கட்டடம் விளக்கேற்றிக்கொண்டு நிற்கும்.

சூரிய மறைவு அந்த வாரத்தில் மாலை நாலரை மணி சுமாருக்கு. ஒரு மணி நேரம் முன்பே மேலே இருக்கும்படி டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சூரியன் மறைந்ததும் கைதட்டிவிட்டுக் கிளம்புவார்கள். உங்கள் நேரம் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. 4.45 முதல் 5.05 வரை வானத்தின் நீலமும் சன்னல் வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும். அதற்கு முன் விளக்குகள் சோகையாக இருக்கும், அதற்குப் பின் வானம் கறுத்துவிடும். இந்த இருபது நிமிடத்துக்குத்தான் நான் உங்களை நியூயார்க் போகச் சொல்வேன்.

இதில் நவம்பருக்கென்று ஒரு சிறப்பு உண்டு. 1930களில் நியூயார்க்கின் மாற்றத்தைப் பதிவு செய்த பெரனிஸ் ஆபட் என்ற புகைப்படக்காரர், மேலிருந்து இரவு நகரத்தை எடுத்த படம் ஒன்று மிகப் புகழ்பெற்றது. சன்னல்கள் எல்லாம் எரிய, தெருக்கள் ஒளியாறுகளாக ஓடும் படம். அதை எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல்மாடிச் சன்னல் ஒன்றிலிருந்துதான் எடுத்தார். அவர் யோசித்தது இதுதான்: அலுவலகங்களில் ஐந்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஐந்து மணிக்கு முன்பே இருட்ட வேண்டுமென்றால் ஆண்டின் மிகக் குறுகிய பகல்களில் எடுக்க வேண்டும். அப்படி நாள் பார்த்துக் காத்திருந்து, சுமார் 15 நிமிடம் லென்ஸைத் திறந்து வைத்து எடுத்தார். இன்று அலுவலகங்கள் ஐந்து மணிக்கு மூடுவதில்லை, ஆனாலும் அதே கணக்கு செல்லும். கோடையில் ப்ளூ அவர் என்னும் இந்த நீல வெளிச்ச நேரம் வருவதற்குள் இரவு ஒன்பது ஆகிவிடும், பாதி சன்னல்கள் இருண்டிருக்கும். உங்களுக்கு ஐந்து மணிக்கே கிடைக்கிறது. ஒன்று மட்டும், வாரநாளாகப் பாருங்கள். சனி, ஞாயிறு, அப்புறம் நவம்பர் நான்காம் வியாழனான தேங்க்ஸ்கிவிங், மறுநாள் வெள்ளி, இந்த நாட்களில் அலுவலகச் சன்னல்கள் நிறைய இருட்டாக இருக்கும்.

கேமராவில் என்ன வைப்பது? மாடங்களில் டிரைபாட் கிடையாது, கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். லென்ஸ் திறப்பு எஃப் 4, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, ஷட்டர் 1/60 நொடி என்று தொடங்குங்கள். சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் இன்னும் குறைக்கலாம். சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். உச்சி விளக்குகள் மற்ற எல்லாவற்றையும்விடப் பிரகாசம், கேமரா தன் போக்கில் அளந்தால் உச்சி வெளுத்து உருவமிழந்து போகும். ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது பாதி வெளிச்சத்தில் எடுத்து நிழல்களைப் பிறகு தூக்கிக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1964இல் முதன்முதலாக உச்சியில் வெள்ளை ஒளிவிளக்குகள் போட்டார்கள், 1976இல் நிறம் வந்தது. அந்தக் காலத்தில் ஆட்கள் விளக்கு விளக்காகப் போய் வண்ணத்தாள் மாட்டினார்கள். 2012 முதல் எல்இடி, கணினியில் 1 கோடியே 60 லட்சம் நிறங்கள். எல்இடியின் அடர்சிவப்பும் அடர்நீலமும் கேமராவுக்குக் கஷ்டமானவை. படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் நன்றாக இருக்கும், ஆனால் சிவப்பு அல்லது நீலச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். படத்தில் அது தட்டையான வண்ணத் திட்டாகத் தெரியும், பிறகு எதுவும் செய்ய முடியாது. மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துப் பாருங்கள். வெள்ளை விளக்கு எரியும் இரவு கிடைத்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர், கட்டடத்தின் வடிவம் அதில்தான் ஒழுங்காகத் தெரிகிறது. எந்த இரவில் என்ன நிறம் என்பதைக் கட்டட நிர்வாகம் தன் இணையதளத்தில் நாள்காட்டியாகப் போடுகிறது. தீபாவளிக்கு ஆரஞ்சு நிறத்தில் ஏற்றியதும் உண்டு, உங்கள் தேதிக்குள் அது முடிந்திருக்கும்.

மொபைலில் எடுப்பதானால் உச்சியைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். விரலால் பெரிதாக்காமல் 2 அல்லது 3 மடங்கு லென்ஸுக்கு மாறுங்கள். அவ்வளவுதான்.

மற்ற இரண்டு மாடங்களைப் பற்றிச் சுருக்கமாக. கிராண்ட் சென்ட்ரல் பக்கத்தில் உள்ள சம்மிட், எம்பயர் ஸ்டேட்டுக்கு இன்னும் நெருக்கம், ஆனால் சுவரும் தரையும் கண்ணாடி. உங்கள் சட்டையே படத்தில் வரும், கறுப்பு உடுத்திப் போங்கள், லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். மேற்கே ஹட்சன் யார்ட்ஸில் உள்ள எட்ஜ், மாலை மூன்றரையிலிருந்து நாலரை வரை நல்ல இடம். கட்டடத்தின் மேற்கு முகம் அங்கிருந்து நேராகத் தெரியும், சாய்வான வெயில் அதில் விழும். மூன்று மாடங்களுக்கும் சேர்த்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் டாப் ஆஃப் த ராக் ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

வானிலை யார் கையிலும் இல்லை. ஆனால் குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு (கோல்ட் ஃப்ரன்ட்) கடந்து வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் காற்று கழுவிவிட்டது போல் இருக்கும், தூரத்துப் படங்களை அன்று எடுங்கள். தாழ்ந்த மேகம் வந்து உச்சி மறைந்தாலும் அறைக்குத் திரும்ப வேண்டாம். இரவில் விளக்கு மேகத்துக்குள் இருந்து நிறத்தைக் கசியவிடும், அப்படி ஒரு படம் உங்கள் நண்பர்கள் யாரிடமும் இருக்காது. மின்னல் படம் பற்றியும் கேட்பார்கள். ஆண்டுக்குச் சுமார் 20 முதல் 25 முறை கட்டடத்தில் மின்னல் இறங்குகிறது என்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் அது கோடைக்கால இடியில். நவம்பரில் அதை எதிர்பார்த்து நிற்க வேண்டாம்.

நிலாவோடு சேர்த்து எடுப்பதும் தொலைவுக் கணக்குதான். வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரி. கேன்ட்ரி பிளாசாவிலிருந்து பார்த்தால் அது கட்டடத்தின் பக்கத்தில் 20 மீட்டர் பந்துதான். நியூ ஜெர்சியில் வெஸ்ட் ஆரஞ்சில் ஈகிள் ராக் என்ற குன்று இருக்கிறது, கட்டடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து பார்த்தால் அதே நிலா 190 மீட்டர், கட்டடத்தின் பாதி உயரத்துக்கு நிற்கும். இணையத்தில் பார்க்கும் பெரிய நிலாப் படங்களில் போலி அல்லாதவை இப்படி வந்தவைதான். அதற்கு 400 மி.மீ. லென்ஸ் வேண்டும், நாளும் கூடி வர வேண்டும். ஃபோட்டோபில்ஸ் போன்ற செயலியில் எந்த நாளில் எந்த இடத்திலிருந்து நிலா கட்டடத்துக்குப் பின்னால் எழும் என்று பார்க்கலாம். நான்கு நாள் பயணத்தில் இதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

"எல்லோரும் எடுக்கும் படம்" என்ற கவலைக்கு வருகிறேன். எம்பயர் ஸ்டேட்டின் படங்களில் இன்றும் பழசாகாதவை 1930, 31இல் லூயிஸ் ஹைன் எடுத்தவை. தொழிற்சாலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்துச் சட்டம் மாற உதவியவர் அவர். கட்டடம் எழும்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. தெருவுக்கு மேல் கிரேனில் தொங்கும் கூடைக்குள் நின்றெல்லாம் படமெடுத்தார். அவர் எடுத்தது கட்டடத்தை அல்ல, அதைக் கட்டியவர்களை. 1930 மார்ச் 17இல் வேலை தொடங்கி 1931 மே 1இல் திறந்துவிட்டார்கள். அந்த வேகம் அந்த ஆட்களின் முகத்தில் தெரிகிறது. உங்களுக்கு உத்தரத்தின் மேல் ஏற வழியில்லை. ஆனால் 32ஆவது தெருவின் கொரியக் கடைகளுக்கு வெளியே சாப்பாட்டுக்கு நிற்பவர்கள், பிரையன்ட் பார்க்கில் காபியோடு உட்கார்ந்திருப்பவர்கள், இவர்களுக்குப் பின்னால் எல்லாம் இந்தக் கட்டடம் நிற்கிறது. ஆளை முன்னால் வைத்தால்தான் 381 மீட்டர் எவ்வளவு என்பது பார்ப்பவருக்கு உறைக்கும்.

டிரைபாட் விஷயம். நியூயார்க் நகரத்தின் பொது நடைபாதையில், மற்றவர்கள் வழியை அடைக்காமல், அந்த இடத்தை உங்களுக்கென்று வளைத்துக்கொள்ளாமல் கையில் கேமராவோ டிரைபாடோ வைத்து எடுக்க அனுமதிச் சீட்டு தேவையில்லை. கட்டணம் வாங்கும் மாடங்களிலும், தனியார் கட்டட முற்றங்களிலும் அவர்கள் வைத்ததுதான் சட்டம். காவலர் வந்து மடக்கச் சொன்னால் வாதாடாமல் மடக்கிவிட்டு நடைபாதைக்கு வந்துவிடுங்கள், பெரும்பாலும் நடைபாதையிலிருந்தும் அதே படம் கிடைக்கும். ட்ரோனைக் கொண்டுவர வேண்டாம், நகரத்துக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

விற்பது பற்றி. நான் வழக்கறிஞன் இல்லை, தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பொது இடத்திலிருந்து தெரியும் கட்டடத்தைப் படமெடுப்பதையும் அந்தப் படத்தைப் பயன்படுத்துவதையும் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் தடுக்கவில்லை, இது தெளிவு. தெளிவில்லாத இடம் வணிக முத்திரை. எம்பயர் ஸ்டேட்டின் பெயரையும் உருவத்தையும் அதன் உரிமையாளர்கள் வணிக முத்திரையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். பீர் ஒன்றின் சின்னத்தில் இந்தக் கட்டடத்தின் உருவத்தைப் பதிவு செய்ய ஒருவர் முயன்றபோது எதிர்த்து, 2016இல் வெற்றியும் பெற்றார்கள். ஆகவே பத்திரிகைக் கட்டுரைக்கோ, பயணக் குறிப்புக்கோ கொடுப்பது ஒன்று. டி-ஷர்ட்டிலோ, ஒரு நிறுவனத்தின் விளம்பரத்திலோ போடுவது வேறு. இந்தக் கட்டடம் மட்டுமே தனியாக நிற்கும் படங்களை, புகைப்படங்களை வாங்கி விற்கும் படவங்கிகள் பல விளம்பரப் பயன்பாட்டுக்கு ஏற்பதில்லை. நகரக்காட்சியில் பத்தோடு பதினொன்றாக இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. பெரிய தொகைக்கு யாராவது கேட்டால் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான்கு நாளையும் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். வானம் தெளிவாக இருக்கும் முதல் காலை கிரீன்பாயின்ட். ஏதாவது ஒரு வாரநாள் மாலை டாப் ஆஃப் த ராக். ஒரு பகல் டம்போ. மீதி நேரம் 34ஆவது தெருவைச் சுற்றி எந்தத் திட்டமும் இல்லாமல் நடங்கள். தேங்க்ஸ்கிவிங் காலை மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம், மேசிஸ் என்ற பெரிய கடை நடத்தும் அணிவகுப்பு 34ஆவது தெருவில்தான் முடிகிறது, சாலைகளை அடைத்துவிடுவார்கள். ஆற்றங்கரையில் காற்று குளிரும். விரல் நுனி திறந்த கையுறை வாங்கிக்கொள்ளுங்கள், பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும் என்பதால் இன்னொன்றைச் சட்டைக்குள், உடம்பு சூடு படும்படி வையுங்கள்.